கடைசி ஆளாய் நடந்தவருக்கு

குளிர் தொடங்கிவிட்டது. போன வருடம் மடித்து வைத்த தடித்த கோட்டை அலுமாரியிலிருந்து எடுத்து, உதறிப் போட்டுக்கொண்டு இன்று வேலைக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து ஹற்றன் குரொஸ் பஸ் தரிப்பில் நிற்கும்போது விரல்கள் விறைத்தன. கையுறை கிடக்கிறதா என்று கோட்டுப் பையைத் துழாவினேன். கையுறை இல்லை. பையின் மூலையில் கூழாங்கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், போன மாரியில் நீர் தந்த சுர்ப்பித் துண்டு.

மூக்கடியில் பிடித்தேன். விறகுப் புகையும் புளித்த மோரும் கலந்த அதே மணம். யாக் பாலைத் திரைய வைத்து, பிழிந்து, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் கல்லாகும் வரைக்கும் காயவிட்ட கட்டி. முதல் தடவை நீர் அதை நீட்டியபோது, "இதென்ன, சவர்க்காரமோ?" என்று கேட்டேன். நீர் சிரித்துக்கொண்டு, "கடிக்காதேங்கோ அக்கா, பல்லுப் போயிடும். கொடுப்புக்குள்ள வைச்சுக்கொண்டு நடவுங்கோ" என்றீர். மலை ஏறும்போது வழிகாட்டிகள் எல்லாரும் கன்னத்துக்குள் ஒன்றை அடக்கிக்கொள்வீர்களாம். இலேசில் கரையாதாம். வாயில் அது இருந்தால் பேச்சு வராது, பேச்சு வராவிட்டால் மூச்சு வீணாகாது என்றீர். எனக்கு அது ஒத்துவராது, பேசாமல் இருந்தால்தான் எனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லி, வாங்கிப் பையில் போட்டவள்தான். அங்கேயே கிடந்திருக்கிறது.

பஸ் வருகிற மாதிரித் தெரியவில்லை. அதை வாயில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டு, நாலு பேர் பார்க்க, அந்தப் பஸ் தரிப்பில் நின்று அழுதேன்.

இந்த மடலின் தலைப்பில் உம்முடைய பெயர் இல்லை. உள்ளேயும் எழுத மாட்டேன். ஏன் என்று உமக்குத் தெரியும். வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்குப் போகப் போகத் தெரியும். நாம் பேசியதெல்லாம் விமான நிலையத்து இங்கிலிஷும், படம் பார்த்துப் பிடித்த ஹிந்தியும், நான் உமக்குள் திணித்த யாழ்ப்பாணத் தமிழும் சேர்ந்த ஒரு சாம்பாறு. உம்முடைய பேச்சை நான் இங்கே என்னுடைய தமிழில்தான் எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் கேட்கிறது.

ஹீத்ரோவில் வீல்சேர் தள்ளுகிற வேலை நமக்கு. நடக்க ஏலாத பயணிகளை வாசலில் வைத்து ஏற்றி, சோதனைகளெல்லாம் தாண்டி, விமானத்துக் கதவடி வரைக்கும் கொண்டுபோய் விடுவது. நான் அதில் பழம் தின்று கொட்டை போட்டவள். உம்முடைய மனைவிக்கு ஹவுன்ஸ்லோவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்து, அவவோடு நீரும் லண்டன் வந்து சேர்ந்த புதிது. "எவரெஸ்ட்டுக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போனவராம்" என்று எங்களோடு வேலை செய்கிற பிள்ளை ஒன்று சொன்னபோது நான் நம்பவில்லை. ஆள் என் தோளுயரம். யாருக்கோ வழிவிடுகிற மாதிரிச் சுவரோரம் ஒதுங்கி நின்றீர்.

அன்றைக்கே உம்முடைய பெயருக்கு அர்த்தம் கேட்டேன். உங்கள் ஊரில் பிறந்த கிழமையையே பெயராக வைப்பதும் வழக்கம், நான் சனிக்கிழமை பிறந்தவன் என்றீர். "எங்கட ஊரில கோவம் வந்தாத்தான் ஒராளைச் சனி எண்டு கூப்பிடுவம்" என்று சொல்லி நான் சிரித்த சிரிப்பில், வீல்சேரில் இருந்த குஜராத்தி அம்மா ஒருவரும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தா. நீர் கோபிக்கவில்லை. உமக்குக் கோபிக்கவே தெரியாது, அந்த வேலையையும் உமக்கும் சேர்த்து நான்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து நீர் என்னை அக்கா என்றீர். முறைப்படி நான் உம்மைத் தம்பி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், கேதீஸ். அந்த இடம் காலியில்லை. அதனால் உங்கள் நேபாளப் பாஷையில் தம்பிக்கு என்ன சொல்வது என்று கேட்டு, "பாய்" என்று கூப்பிட்டேன்.

உம்மோடு வேலை செய்வது ஆரம்பத்தில் பெரிய கரைச்சல். நாலைந்து வீல்சேர்கள் ஒன்றாய்ப் போகும்போது நீர் எப்போதும் கடைசி. முன்னால் ஓடிப்போய் லிஃப்டைப் பிடியும் என்றால், "நீங்கள் போங்கோ அக்கா, நான் கடைசியா வாறன்" என்பீர். பொல்லு ஊன்றி நடக்கிற கிழவர் ஒருவர் வந்தாரென்றால் முடிந்தது கதை. அவருக்கு ஓரடி பின்னால், அவருடைய நடையிலேயே, "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று சொல்லிக்கொண்டு வருவீர். மெதுவாக, மெதுவாக. பிளேன் போய்விடும் என்று நான் முன்னால் நின்று கத்துவேன். ஒருநாளும் எந்தப் பிளேனும் உம்மால் தவறிப்போகவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. கொரிடோரில் நீர் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டீர். அப்படியே நின்றுவிடுவீர். முகம் முன்பக்கம், முதுகு எனக்கு. நான் மூச்சு வாங்க ஓடிவந்து உமக்கு முன்னால் நின்ற பிறகுதான், "சொல்லுங்கோ அக்கா" என்பீர். மண்டைக்கனம் பிடித்த மனுசன் என்று வீட்டில் இவரிடம் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒருநாள் பஸ்ஸில் வைத்து நேரேயே கேட்டேன்.

பஸ்ஸில் நமக்கு மேல்தட்டு, முன் இருக்கை. உயரம் உம்மை விடாது என்று நான் பகிடி பண்ணுவேன். அன்றைக்குத்தான் ஏணியைப் பற்றிச் சொன்னீர். பனியாறு வெடித்துப் பிளந்த இடங்களில் அலுமினிய ஏணிகளைக் கிடையாகப் போட்டு, கயிற்றால் இழுத்துக் கட்டி, முள்ளுச் சப்பாத்தோடு ஒவ்வொரு படியாய்க் கால் வைத்துக் கடப்பீர்களாம். கீழே பார்த்தால் நீலம், அதற்குக் கீழே கறுப்பு. "ஏணியில நிக்கிறவனைப் பின்னால இருந்து பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது அக்கா. தன்ர பேர் கேட்டா மனுசன் திரும்பிப் பாப்பான். திரும்பினாக் கால் போயிடும்." இது ஏணியில்லையே, நாலாம் டெர்மினல் கொரிடோர்தானே என்றேன். "ஓம், ஆனா கழுத்துக்குத் தெரியேல்ல" என்று சிரித்தீர்.

உம்முடைய வாழ்க்கையை நான் அந்த முன் இருக்கையில் இருந்துதான் கேட்டேன், ஹவுன்ஸ்லோ பஸ் நிலையம் வரைக்கும், துண்டு துண்டாய். மீசை முளைக்க முன்னமே சுமை தூக்கப் போனது. வெள்ளைக்காரர் இருந்து சாப்பிடுகிற மடிப்புக் கதிரைகளையும் மேசையையும் முதுகில் கட்டிக்கொண்டு, அவர்கள் வந்து சேருவதற்கு முன்னால் விரித்து வைத்தது. பிறகு குசினிக் கூடாரத்தில் வேலை. பிறகு நடைபயணக்காரருக்கு வழிகாட்டி. வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டே இங்கிலிஷ் பிடித்ததால், உம்முடைய நன்றி ஒரு தேசத்து இங்கிலிஷ், உம்முடைய தூஷணம் இன்னொரு தேசத்து இங்கிலிஷ். கடைசியில் பெரிய மலைகள். கயிறு கட்டிப் பாதை போடுகிறவர்கள் முன்னால் போவார்கள், நீர் ஆட்களைக் கூட்டி வருகிறவர். அதனால் உம்முடைய இடம் எப்போதும் கடைசி. களைத்தவர், பயந்தவர், கால் பிரண்டவர், யாராக இருந்தாலும் அவருக்குப் பின்னால் நீர் இருந்தால்தான் கணக்குச் சரி. எத்தனை தரம் உச்சிக்குப் போனீர் என்று கேட்டால் வெளியே பார்ப்பீர். "உச்சியில நிண்டு என்ன செய்வீர்?" என்று கேட்டேன். "போட்டோ எடுப்பன்." "உம்மையோ?" "இல்லை அக்கா. அவையளை."

கேதீஸைப் பற்றி நீர் கேட்டது சாப்பாட்டு அறையில். என்னுடைய போனில் அவனுடைய படத்தைக் கண்டுவிட்டு, யார் என்றீர். போர் முடிகிற கடைசி நாட்களில் காணாமற்போன தம்பி என்றேன். இதைச் சொன்னால் சனம் கேட்கிற கேள்விகள் எனக்குப் பாடம். எந்த இடம், யார் கண்டது, எங்கெல்லாம் தேடினீங்கள். நான் அப்போது லண்டனில் இருந்தேன், அம்மாதான் அவனோடு. சின்னவனாக இருக்கும்போது சைக்கிளால் விழுந்து இடது கால் முறிந்து, வைத்தியம் சரிவராமல் கட்டையாகிப் போன கால். அவனால் வேகமாய் நடக்க ஏலாது. சனம் எல்லாம் ஒரே நெரிசலாகப் பாலத்தைக் கடந்து வந்தபோது அம்மா முன்னால், அவன் பின்னால். "வாறன் அம்மா, நீங்கள் நடவுங்கோ" என்றிருக்கிறான். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து அம்மா திரும்பிப் பார்த்தால் அவன் இல்லை. இவ்வளவையும் நான் சொல்லி முடித்த பிறகு நீர் ஒரேயொரு கேள்விதான் கேட்டீர்.

"அவருக்குப் பின்னால ஆர் வந்தது அக்கா?"

அந்தக் கேள்வியை அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தெரியாது என்றேன். நீர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "மெதுவா நடக்கிறவருக்குப் பின்னால ஒராள் வரோணும்" என்றீர். அம்மாவைக் குற்றம் சொல்கிற தொனி அதில் இல்லை. அன்றைக்கு அங்கே வேலைக்கு வராமல் விட்ட ஆள் நீர்தான் என்பது போல உம்முடைய முகம் இருந்தது. அன்றைக்கு எனக்கு உம்மை மிகவும் பிடித்தது.

அம்மா அதற்குப் பிறகு இருந்த வருடமெல்லாம், பின்னேரம் விளக்கு வைத்ததும் வாசல் பக்கம் பார்த்து அவனைக் கூப்பிடுவா. "கேதீஸ், எங்கையடா நிக்கிறாய், வாவன்." போனில் கதைத்துக்கொண்டிருக்கும்போதும் எனக்கு அது கேட்கும். அம்மா போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஹவுன்ஸ்லோ வீட்டுச் சாமி அறை என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு தட்டுத்தான். விளக்கு வைத்து, நெற்றியில் பூசி, அவனைக் கூப்பிட்டுவிட்டுத்தான் தேத்தண்ணீர். அவனுடைய படத்துக்கு மாலை போட்டதில்லை, பொட்டு வைத்ததில்லை. இவர் நல்ல மனுசன், வருடத்தில் ஒருக்கால் மெல்லமாய்ச் சொல்லிப் பார்ப்பார், "ஐயரைக் கேட்டு ஒரு நாளைக் குறிச்சு, செய்ய வேண்டியதைச் செய்வமே அப்பா" என்று. நாள் தெரியாத ஆளுக்கு என்ன திவசம் என்று எரிந்து விழுவேன். நான் கூப்பிடுவதை நிறுத்துகிற அன்றைக்குத்தான் கேதீஸ் சாகிறான் என்று நம்பியிருந்தேன். அவனைக் கொல்லுகிற ஆள் நானாக இருக்க மாட்டேன் என்பதில் பிடிவாதம்.

அதற்குள் நீர் காலை வைத்தீர். நீரும் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாள். நான் விளக்கு வைத்து அவனைக் கூப்பிட்டதை நீர் நின்று பார்த்தீர். சாப்பிட இருந்த பிறகு, மிகவும் பணிவாக, "ஒவ்வொரு நாளும் கூப்பிடுவீங்களோ அக்கா? அப்ப அவர் எப்பிடிப் போவார்?" என்று கேட்டீர். உங்கள் சனத்தில் செத்தவரின் பெயரை வாயால் சொல்ல மாட்டீர்களாம். சொன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்துவிடுவாராம். போக முடியாமல் இடையில் நிற்பாராம்.

"அவன் செத்தவன் எண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உம்முடைய மனைவி கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டா. இவர் உங்களை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சமாதானம் சொன்னார். அதற்குப் பிறகு கனநாள் நான் உம்மோடு கதைக்கவில்லை. பஸ்ஸில் கீழ்த்தட்டில் இருந்தேன். நீர் மேலே போனீரோ தெரியாது, நான் பார்க்கவில்லை.

ஒருநாள் உடுப்பு மாற்றுகிற அறை வாசலில் வந்து நின்றீர். "அக்கா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றீர். கூடாரத்துக்குத் திரும்பி வராத ஆளை நீங்களும் கூப்பிடுவீர்களாம். வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கட்டும் வரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்களாம். "துலைஞ்சவரைக் கூப்பிடோணும். செத்தவரைக் கூப்பிடக்கூடாது. அவர் எது எண்டு நான் சொல்ல ஏலாது. அக்காதான் சொல்லோணும்."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் மன்னித்து அனுப்பியிருப்பேன். ஆனால் நீர் வாசலோரம் கிடந்த மர வாங்கில் குந்தி, உம்முடைய தம்பியின் கதையைச் சொன்னீர். அவரும் உம்மோடு அதே வேலை. உயரத்தில், திரும்பி வருகிற வழியில், புயலில் அகப்பட்டு இறந்துபோனார். கீழே கொண்டுவர முடியாத இடம். அடுத்த பருவத்துக்கு நீர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அதே வழியால் ஏற வேண்டியிருந்தது. பாதையிலிருந்து நாலடி தள்ளி மஞ்சள் உடுப்போடு அவர் கிடந்தார். வந்தவர்கள் கண்டு பயந்துவிடக்கூடாது என்று நீர் அந்தப் பக்கமாக மறைத்து நின்று ஒவ்வொருவரையும் கடத்தி விட்டீர். ஒரு பெண் மட்டும் நின்று, "யார் அது?" என்று கேட்டாவாம்.

"பேரைச் சொல்லக்கூடாது அக்கா. அதால தெரியாது எண்டு சொன்னன்." குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினீர். "பேர் சொல்லாமல் விட்டது சரி. தெரியாது எண்டு சொன்னது சரியில்லை. தம்பி எண்டு சொல்லியிருக்கலாம்."

அந்த முறை இறங்கி வந்த நீர், பிறகு பெரிய மலைப் பக்கம் போகவில்லை. உமக்கு இடமாவது தெரியும், எனக்கு அதுவும் தெரியாது என்று நான் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. "இடம் தெரிஞ்சு ஒண்டும் குறையேல்ல அக்கா" என்றீர். அன்றைக்குப் பஸ்ஸில் இரண்டு பேரும் மேல்தட்டில் இருந்து, ஒன்றும் பேசாமல் வந்தோம். என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

அதற்குப் பிறகு கொரிடோரில் நீர் நிற்கத் தொடங்கினீர். யாரும் கூப்பிடாமலே நிற்பீர். சுவரில் கை வைத்துக்கொண்டு, ஏதோ விளம்பரத்தை வாசிக்கிற மாதிரி. "மலை ஏறின மனுசனுக்குத் தட்டை நிலத்தில நடக்க ஏலாதோ?" என்று நக்கல் அடித்தேன். நீரும் சிரித்தீர், ஆனால் சிரித்து முடிக்க உமக்கு மூச்சுப் போதவில்லை. நுரையீரல் என்றார்கள் டொக்டர்மார். காய்ந்து இறுகிக்கொண்டு வருகிறது, திருப்ப ஏலாது என்றார்கள். உம்முடைய மனைவி அதை எனக்குச் சொன்னபோது, எங்கட ஊரில் பால் பிழிந்து முடிந்த தேங்காய்ப்பூவைக் கையில் வைத்திருப்பது போல விரல்களை மடக்கிக் காட்டினா. அந்தக் கை இப்பவும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தீர். "மேல நான் ஒக்சிசன் போடாமல் ஏறினனான் எண்டு பெருமை பேசித் திரிஞ்சனான் அக்கா. இப்ப பாருங்கோ, கடல் மட்டத்தில போட்டுக்கொண்டு படுத்திருக்கிறன்." நான் கொண்டுபோன கஞ்சியை நாலு கரண்டி குடித்தீர். ஐந்தாவதை எனக்காகக் குடித்தீர்.

கடைசியாக நான் வந்த நாள், கேதீஸின் படத்தைக் காட்டச் சொன்னீர். போனைக் கையில் வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்து, உம்முடைய பயணிகளின் முகத்தைப் பாடமாக்குகிற மாதிரிப் பார்த்தீர். பெயரை ஒருக்கால் சொல்லிப் பார்த்தீர். "கேதிஸ்" என்று வந்தது. திருத்தினேன். மறுபடி சொன்னீர், சரியாக வந்தது. "இடது கால்தானே அக்கா?" என்று கேட்டீர். ஓம் என்றேன். மருந்து மயக்கத்தில் கேட்கிறீர் என்றுதான் நினைத்தேன். அப்போது விளங்கியிருந்தால் உம்மோடு மறுபடி சண்டை பிடித்திருப்பேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நான் முன்னால போறன் அக்கா. பழக்கமில்லாத வேலை" என்றீர். உம்மிடமிருந்து நான் கேட்ட கடைசிப் பகிடி அதுதான்.

எங்களுக்கு முப்பத்தோராம் நாள் காரியம் மாதிரி உங்களுக்கு நாற்பத்தொன்பதாம் நாள். என்னைக் கூப்பிட்டிருந்தா உம்முடைய மனைவி. வெறுங்கையோடு போவதா என்று நான் செய்த வேலையைக் கேளும். எங்கட சனத்தில் ஒரு ஆள் செத்தால் கை தன்பாட்டுக்குப் படத்தையும் பெயரையும் தேடும். கண்ணீர் அஞ்சலி அடிக்காத சாவு ஒரு சாவா? ஹவுன்ஸ்லோவில் எங்கட ஆட்களின் அச்சுக்கடைக்குப் போனேன். உச்சியில் நின்று நீர் எடுத்ததெல்லாம் மற்றவர்களின் படம் என்றபடியால் என்னிடம் இருந்தது ஒன்றுதான், வேலைத்தலத்து மஞ்சள் அங்கியோடு நீர் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற படம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே உம்முடைய பெயர், சிவப்பில், எட்டி நின்று வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக. தமிழில், இங்கிலிஷில். நேபாள எழுத்திலும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அதையும் போடுவித்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

நீர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் கூப்பிடுவது வாயால் செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அச்சடித்தாலும் அது கூப்பிடுவதுதான் என்று எனக்கு ஓடவில்லை. உங்கள் ஆட்கள் கூடியிருந்த மண்டபத்துக்குள் புகை, லாமா ஓதுகிறார், வரிசையாக விளக்குகள். உம்முடைய படம் எங்கும் இல்லை. வாசலில் நின்ற ஒருவர், நீங்கள் யார் என்று கேட்டார். நான் சட்டத்தைத் தூக்கிக் காட்டி, உம்முடைய பெயரைச் சத்தமாகச் சொல்லி, அவருடைய அக்கா என்றேன்.

ஓதுகிற சத்தத்தைத் தவிர மற்ற எல்லாச் சத்தமும் நின்றது. ஒரு கிழவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டா. உம்முடைய மனைவி எழும்பி வந்தா. தன் கழுத்தில் கிடந்த வெள்ளைச் சால்வையைக் கழற்றிச் சட்டத்தை மூடி, என்னையும் சட்டத்தையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து, அப்படியே குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனா. "கோவிக்காதேங்கோ அக்கா. அவர் இப்பதான் போறார்" என்றா. கோபிக்க வேண்டியவ அவ, மன்னிப்புக் கேட்டதும் அவ. பின்பக்கத்தைக் கழற்றி, படத்தை வெளியே எடுத்து, குசினிக் கத்தரிக்கோலால் அடியில் இருந்த பெயரை மட்டும் நீளமாக வெட்டினா. மூன்று பாஷையும் ஒரே துண்டில் வந்தது. அதைக் கொண்டுபோய்ப் புகைகிற சட்டிக்குள் போட்டா. படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இது எனக்கு வேணும்" என்று சொல்லி, அப்போதுதான் அழுதா. நானும் அழுதேன். பெயர் கருகி மடிவதைப் பார்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காதேயும், திரும்பிப் பார்க்காதேயும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சுர்ப்பியை வாயில் அடக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மேல்தட்டில் முன் இருக்கை வெறுமையாகக் கிடந்தது, போய் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. இவர் இன்னும் வரவில்லை. முகம் கழுவி, விளக்கு வைத்து, திருநீறு பூசி, கை கூப்பி நின்றேன். பிறகு குசினிக்குப் போய்க் கேத்திலைப் போட்டேன். தேத்தண்ணீர் குடிக்கவென்று வாயில் இருந்ததை எடுத்தபோதுதான், அது இன்னமும் பாதிக்கு மேல் கரையாமல் இருப்பது தெரிந்தது. அப்போதுதான் மற்றதும் தெரிந்தது. நான் அவனைக் கூப்பிடவில்லை.

அம்மா போன நாளிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. காய்ச்சலில் கூப்பிட்டிருக்கிறேன், பிள்ளைப் பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த மகளுக்குத் துணையாக இருந்தபோது போர்வைக்குள் வாயை வைத்துக் கூப்பிட்டிருக்கிறேன். ஓடிப்போய் விளக்குக்கு முன்னால் நின்றேன். வாயைத் திறந்தேன். பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. விளக்கு என்றைக்கும் போல எரிந்துகொண்டிருந்தது. படத்தில் அவன் என்றைக்கும் போல நின்றான், எடை முழுவதையும் வலது காலில் போட்டுக்கொண்டு. அவன் ஏணிக்கு நடுவில் நிற்கிறான் என்று எனக்குப் பட்டது. இவ்வளவு வருடமும் நானும் அம்மாவும் மாறி மாறிப் பின்னால் நின்று கூப்பிட்டு, அவனை அங்கேயே நிற்க வைத்திருக்கிறோமோ என்று பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

இவர் வந்து பார்க்கும்போது நான் மாடிப்படிக்குக் கீழே நிலத்தில் இருந்தேன். "என்னப்பா?" என்றார். "இண்டைக்கு அவனைக் கூப்பிடேல்ல" என்றேன். அவர் சப்பாத்தோடேயே வந்து பக்கத்தில் இருந்தார். நாளைக்கு விளக்கு வைக்கும்போது என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அது எவ்வளவு நோகிறது என்று இங்கே எழுத எனக்குத் தமிழ் போதவில்லை.

மிச்சச் சுர்ப்பியைத் துடைத்துக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். இந்தக் குளிர் முழுக்க அது அங்கே கிடக்கும். உம்முடைய பெயர் என்னுடைய வாய்க்குள் கிடக்கும், வெளியே விட மாட்டேன். கிழமை தோறும் சனிக்கிழமை வரத்தான் போகிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய ஏலாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் லாமா சொல்கிற வழியும் எங்கள் ஐயர் சொல்கிற வழியும் ஒரே வழிதானா என்று எனக்குத் தெரியாது. எங்காவது ஓரிடத்தில் சந்திக்காமலா போகும்? அங்கே மெதுவாக நடக்கிற ஒருவனைக் கண்டால், முகம் உமக்குத் தெரியும், இடது கால். அவசரப்படுத்த வேண்டாம். பின்னால் நின்று கூப்பிடவும் வேண்டாம். அவன் முன்னால் நடக்கட்டும். நீர் அவனுக்குப் பின்னால் வாரும், தம்பி.